ஃபோன் அலமாரியை உடைத்தது பற்றி நான் எழுதிக் கொடுப்பது

எனக்கு வயது முப்பத்தொன்று. கணிப்பொறி அறிவியலில் பட்டம் பெற்றிருக்கிறேன். தற்போது வேலைக்குப் போகவில்லை; வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன். என் பெயர், கணவர் பெயர், வீட்டு முகவரி மூன்றையும் தனித்தாளில் எழுதிக் காவல் நிலைய எழுத்தரிடம் கொடுத்திருக்கிறேன். இதன் நகல் புகார் கொடுத்த கம்பெனிக்கும் போகும் என்று அவர் சொன்னதால், குழந்தையின் பெயரை இதில் எழுதவில்லை. வீட்டில் குட்டி என்று கூப்பிடுவோம். இதிலும் அப்படியே எழுதுகிறேன். அவளுக்கு வயது இரண்டு வருடம் நான்கு மாதம்.

முதலில் நான் சொல்லச் சொல்ல எழுத்தர்தான் எழுதினார். வலிப்பு அலாரம் அடித்தது என்று நான் சொன்னதை அவர் ‘ஏதோ சத்தம் கேட்டதாகவும்’ என்று எழுதினார். அதன் பிறகு நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். ஆய்வாளர் சரி என்றார். இடது கையில் மூன்று தையல் போட்டிருப்பதால் தாளை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான். பயந்துபோய் எழுதினேன் என்று யாரும் பின்னால் சொல்ல வேண்டாம்.

நான் இந்தக் கம்பெனியின் சோதனைப் பிரிவில் நான்கு வருடம் வேலை பார்த்தவள். வலிப்பு வருகிற குழந்தைகளின் மணிக்கட்டில் கட்டும் பட்டைதான் கம்பெனியின் தயாரிப்பு. பட்டை குழந்தையின் கை உதறலையும் நாடித்துடிப்பையும் நொடிக்கு நொடி கம்பெனியின் சர்வருக்கு அனுப்பும். அது வலிப்பா, தூக்கத்தில் புரளுவதா என்று சர்வர் பிரித்துப் பார்க்கும். வலிப்பு என்றால் பெற்றோரின் ஃபோனில் அலாரம் அடிக்கும். ஒரு பட்டைக்கு இரண்டு ஃபோன்தான் இணைக்க முடியும். சர்வர் இல்லையென்றால் பட்டை வெறும் ரப்பர். இதை நான் வேலையில் இருந்தபோது எத்தனையோ முறை சோதித்துப் பார்த்து எழுதியிருக்கிறேன். ஃபோனை சைலன்ட்டில் போட்டிருந்தாலும் அலாரம் அடிக்க வேண்டும் என்று குறை எழுதிக் கொடுத்து, மூன்று கூட்டத்தில் சண்டை போட்டு அதை மாற்ற வைத்ததும் நான்தான். அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

கம்பெனி சின்னதாக இருந்த காலத்தில் சம்பளத்தோடு பங்கும் கொடுத்தார்கள். அப்படி வந்தது நூற்றெண்பது பங்கு. குட்டிக்கு ஏழாவது மாதத்தில் முதல் வலிப்பு வந்தது. அதன் பிறகு வேலையை விட்டேன். பங்கை விற்கவில்லை. நான் சோதித்த பட்டையையே கடையில் வாங்கி என் குழந்தையின் கையில் கட்டினேன். இன்றைய தேதியில் நாலாயிரத்து முந்நூறு குழந்தைகள் அதைக் கட்டியிருப்பதாகக் கம்பெனியின் ஆண்டறிக்கை சொல்கிறது.

இந்தக் கம்பெனியை வாங்க இரண்டு பேர் போட்டி போடுகிறார்கள். பங்குக்கு நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் தருவதாகச் சொல்வது பெரிய கம்பெனி. முந்நூற்று அறுபத்தைந்து தருவதாகச் சொல்வது மருத்துவக் கருவி செய்கிற சின்னக் கம்பெனி. இருவருடைய விலைக் கடிதத்தையும் பங்குதாரர்கள் எல்லோருக்கும் அனுப்பினார்கள். குட்டி தூங்கும் நேரமாகப் பார்த்து நான் இரண்டையும் முழுவதும் படித்தேன். சின்னக் கம்பெனியின் கடிதத்தில், அலாரச் சேவையைப் பத்து வருடம் நடத்துவோம் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. பெரிய கம்பெனியின் கடிதம் தொண்ணூறு பக்கம். வாங்கப்போகிறவை என்று அறுபத்து நாலாம் பக்கத்தில் காப்புரிமைகளும் பொறியாளர்களும் இருந்தார்கள். மேசை நாற்காலிகூட இருந்தது. சேவையைப் பற்றி ஒரு வரி இல்லை. இயக்குநர்கள் பெரிய கம்பெனிக்கே விற்கலாம் என்று ஒரே குரலில் சிபாரிசு செய்திருந்தார்கள்.

கூட்டத்தில் கேள்வி கேட்க வேண்டுமானால் இரண்டு நாள் முன்னதாக, ஒரு தாளுக்கு ஒரு கேள்வி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பெனிச் செயலாளர் அவற்றை விலை, ஊழியர், பிற என்று மூன்று கோப்பாகப் பிரிப்பார். எதில் தாள் அதிகமோ அதற்குத்தான் மேடையில் முதலில் பதில். பிற என்ற கோப்புக்கு முப்பது நாளுக்குள் தபாலில் பதில் வரும். ஓட்டெடுப்போ அதற்கு முன்பே முடிந்துவிடும். நான் வேலை பார்த்த காலத்தில், ‘பிற’வில் விழுந்த தாளைப் பீரோவில் தேட வேண்டியதுதான் என்று கேண்டீனில் கேலி பேசிச் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

நான் எழுதிக் கொடுத்த கேள்வி இது: ‘பெரிய கம்பெனி வாங்கினால் அலாரச் சேவையின் சர்வர் எந்தத் தேதி வரை ஓடும்? தேதியை மட்டும் சொன்னால் போதும்.’

இன்று புதன்கிழமை, காலை பத்தேகாலுக்கு நான் கம்பெனிக் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்குப் போனேன். அரங்கத்தின் வாசலில் கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலமாரி ஒன்றை வைத்திருந்தார்கள். அதில் நம்பர் போட்ட சின்னச் சின்ன அறைகள். போன கூட்டத்தை யாரோ ஃபோனில் பதிவு செய்து வெளியே விட்டுவிட்டதால், பங்குதாரர்கள் ஃபோனை அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். என் ஃபோனில் குழந்தையின் வலிப்பு அலாரம் வரும், இந்தக் கம்பெனியின் பட்டைதான், நான் அதை வைக்க முடியாது என்று மேசையில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். அவள் நல்ல மாதிரிதான் பேசினாள்.

“புரியுது மேடம். ஆனா ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. வாசல்லதானே இருக்கு, அடிச்சா கேக்கும்.”

காவலாளியும், “நான் இங்கயேதான் நிப்பேன்மா, அடிச்சா கூப்பிடறேன்” என்றார்.

என் கணவர் கிடங்கு ஒன்றில் கிரேன் ஓட்டுகிறவர். வேலை நேரத்தில் அவருடைய ஃபோன் லாக்கரில் இருக்கும். அதனால் பகலில் அந்த அலாரத்துக்கு என் ஃபோன் ஒன்றுதான். குட்டியை என் நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கூப்பிட்டு, “அண்ணி, ஃபோனை வெளிய வச்சிட்டு உள்ள போறேன், அவ தூங்கினா பக்கத்துலயே இருங்க” என்றேன். அவர், “நீ போய் உன் கேள்வியைக் கேட்டுட்டு வா, இங்க என்ன நான் ஓடியா போகப்போறேன்” என்றார். அதன் பிறகு ஃபோனை வைத்தேன். எனக்குக் கொடுத்த அறை முப்பத்தேழு. நான் செய்த தவறு இது ஒன்றுதான். இதை யாரும் என்மேல் புகாராகக் கொடுக்கவில்லை. நானே எழுதுகிறேன்.

வாசலை ஒட்டிய கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில், எல்லாக் கூட்டத்துக்கும் வருகிற பெரியவர் ஒருவர் இருந்தார். பையில் எப்போதும் கால்குலேட்டர் வைத்திருப்பதால் எல்லோரும் அவரை அப்படியே கூப்பிடுகிறார்கள். இதில் நானும் கால்குலேட்டர் என்றே எழுதுகிறேன். கூட்டம் பத்தரைக்குத் தொடங்கியது. விலை பற்றிய கேள்விகள் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடின. நானூற்றுப் பன்னிரண்டை நானூற்று இருபதாக்க முடியாதா என்று ஆறு பேர் ஆறு விதமாகக் கேட்டார்கள். ஆறு பேருக்கும் தலைவர் பொறுமையாகப் பதில் சொன்னார். அதன் பிறகு மேடைக்குக் கீழே தனி மேசையில் இருந்த செயலாளர், மீதிக் கேள்விகள் பிற என்ற வகையில் வருவதால் தபாலில் பதில் அனுப்பப்படும் என்று படித்தார்.

நான் எழுந்து நின்று என் கேள்வியை வாயாலேயே கேட்டேன். ஒலிவாங்கி தரவில்லை. கத்தித்தான் கேட்டேன்.

தலைவர் சொன்னது: “சேவையை நிறுத்தற எண்ணம் யாருக்கும் இல்லம்மா. அப்படி ஒரு திட்டமே கிடையாது. தயவுசெஞ்சு வதந்தியைக் கிளப்பாதீங்க.”

“அப்போ தேதி சொல்லுங்க சார்.”

“திட்டமே இல்லங்கறேன், தேதி எங்கிருந்து வரும்?”

அரங்கத்தில் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவர், “குறைஞ்ச விலைக்கு விக்கச் சொல்லுது பாருங்க இந்தம்மா, நம்ம நஷ்டத்தை இவங்க வீட்ல கட்டுவாங்களா?” என்றார். கால்குலேட்டர் என் புடவைத் தலைப்பை மெதுவாக இழுத்து, “உக்காரும்மா. உன் நூத்தி எம்பதுக்கு அவங்க பயப்படவா போறாங்க? என்கிட்ட நாலாயிரம் இருக்கு, என்னையே மதிக்கமாட்டாங்க. நான் டீக்கும் பிஸ்கட்டுக்கும்தான் வர்றேன்” என்றார். நான் உட்காரவில்லை. தலைவர் சொன்ன பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள் என்று செயலாளரிடம் கேட்டேன். அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர், “எழுதிக்கோங்க, எழுதிக்கோங்க, எனக்கு என்ன பயம்” என்றார். செயலாளர் எழுதினார். நான் பார்த்தேன்.

அதன் பிறகு ஓட்டுச் சீட்டுகளைக் கொடுத்தார்கள். என் கைக்குச் சீட்டு வந்தபோது வாசலில் அலாரம் அடித்தது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. இது என் ஃபோனிலும் பதிவாகி இருக்கிறது.

அது மூன்று சுரமாக ஏறி, ஒரு நொடி நின்று, மறுபடியும் ஏறும். வேறு எந்த ஃபோனிலும் அந்தச் சத்தம் கிடையாது. மற்ற சத்தங்களோடு குழம்பக் கூடாது என்பதற்காகவே கம்பெனி பணம் கொடுத்து அதைச் செய்ய வைத்தது. மேடையில் தலைவர், நிர்வாக இயக்குநர், இரண்டு இயக்குநர்கள், சட்ட மேலாளர், வாங்க வந்த பெரிய கம்பெனியின் ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஏழு பேரில் ஒருவர்கூட அது என்ன சத்தம் என்று தலையைத் தூக்கவில்லை. தலைவர் ஒலிவாங்கியில், “யாரோட ஃபோன் அது? கச்சேரி வேற நடக்குதா? யாராவது அதை நிறுத்துங்கப்பா” என்றார். மறுபடியும் சிரித்தார்கள். தன் கம்பெனி விற்கிற ஒரே பொருளின் சத்தம் அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பொருளுக்குத்தான் காலையிலிருந்து விலை பேசிக்கொண்டிருந்தார்.

நான் வெளியே ஓடினேன். கண்ணாடிக்கு உள்ளே, முப்பத்தேழாம் அறையில், என் ஃபோன் வெளிச்சம் போட்டுக்கொண்டு, அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. திரையில் குட்டியின் படம். அலமாரி பூட்டியிருந்தது. காவலாளி அங்கேதான் நின்றார், சொன்னபடி கூப்பிடவில்லை. கேட்டதற்கு, சத்தம் போடாதே, கூட்டம் நடக்கிறது என்று யாரோ உள்ளிருந்து அவரை அதட்டினார்களாம்.

“அண்ணே, திறங்க. என் குழந்தைக்கு வலிப்பு.”

“சாவி சூப்பர்வைசர்கிட்ட இருக்கும்மா. அவர் கீழ வண்டிங்களைப் பாக்கப் போயிருக்கார். வந்துடுவார்.”

“எப்போ வருவார்?”

“கூட்டம் முடிஞ்சாத்தான் திறக்கணும்னு ஆர்டர்மா. என் வேலை போயிடும்.”

வரவேற்பு மேசையில் இருந்தது உள்தொலைபேசி; அதில் வெளியே பேச முடியாது. என் நாத்தனாரின் நம்பர் எனக்கு மனப்பாடம். அதனால் திரும்ப அரங்கத்துக்குள் ஓடி, மேடைக்குப் போய், யாராவது ஒரு ஃபோன் கொடுங்கள், வீட்டுக்குப் பேச வேண்டும் என்று கேட்டேன். மேடையில் இருந்தவர்களுக்கு ஃபோன் விதி கிடையாது. ஏழு ஃபோன்கள் மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தன. தலைவர் என் முகத்தைப் பார்க்காமலே, “கேள்வி நேரம் முடிஞ்சுதும்மா, போய் உக்காருங்க” என்றார். நான் மேசைமேல் கையை நீட்டினேன். சட்ட மேலாளர் தன் ஃபோனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததற்கு நானே பொறுப்பு. நான் வாசலுக்கு வந்தேன். வரிசைக்காகக் கயிறு கட்டி நிறுத்தியிருந்த இரும்புக் கம்பம் ஒன்றை அடிப்பாகத்தோடு தூக்கினேன். காவலாளி குறுக்கே வந்தார். அவரைத் தோளால் தள்ளினேன். அவர் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டார். அதை நான் மறுக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இங்கேயும் கேட்கிறேன். கம்பத்தின் அடிப்பாகத்தால் கண்ணாடியை இரண்டு முறை அடித்தேன். இரண்டாவது அடியில் உடைந்தது. கையை விட்டு ஃபோனை எடுத்தேன். கை அறுபட்டது எனக்கு அப்போது தெரியவில்லை. அலமாரியில் இருந்த மற்ற ஃபோன்கள் எதற்கும் சேதம் இல்லை. அதை அங்கே வந்த காவலர் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு நாத்தனாருக்குக் கூப்பிட்டேன். அவர் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். வானம் கறுத்துக்கொண்டு வந்ததாம். தூங்குகிற குழந்தைதானே, இரண்டு நிமிடம் என்று ஏறினாராம். அவரைக் குறை சொல்லி இதில் எதுவும் எழுதவில்லை. “அண்ணி, கீழ ஓடுங்க, குட்டிக்கு வந்திடுச்சு” என்றேன். அவர் ஓடினார். ஃபோனில் படியில் ஓடுகிற சத்தம் கேட்டது. குட்டி குப்புறத் திரும்பி, முகம் தலையணையில் பதிந்து கிடந்திருக்கிறாள். திருப்பி ஒருக்களித்துப் படுக்க வைத்ததும் மூச்சு வந்திருக்கிறது. வலிப்பு நின்றது. உதடு கறுத்திருந்ததை அவர் எனக்கு மத்தியானம்தான் சொன்னார். இப்போது குழந்தை நன்றாக இருக்கிறாள். என் கணவர் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மருத்துவரும் பார்த்துவிட்டார்.

ஃபோனில் குட்டி அழுத சத்தம் கேட்ட பிறகுதான் நான் தலைவரைத் திட்டினேன். எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார்கள். புகாரில் ‘தகாத சொற்கள்’ என்று எழுதியிருக்கிறார்கள். நான் சொன்ன சொற்கள் இவை: “விக்கறது என்னன்னே தெரியாம விக்கறீங்களே, வெக்கமா இல்ல? உங்க சத்தம்யா அது. நீங்க செஞ்ச சத்தம்.” கடைசியில் அவரை ஒரு மிருகத்தின் பெயரைச் சொல்லியும் திட்டினேன். எந்த மிருகம் என்று அவரே புகாரில் எழுதியிருப்பதால் நான் மறுபடி எழுதவில்லை.

கையில் ரத்தம் ஒழுகியதைப் பார்த்துக் கால்குலேட்டர் தன் கைக்குட்டையை எடுத்து இறுக்கிக் கட்டினார். கட்டிக்கொண்டே சொன்னார்: “இங்க பாரும்மா, என் ஓட்டு நானூத்திப் பன்னெண்டுக்குத்தான். அதுல மாத்தம் இல்ல. கர்ச்சீஃப்பைத் திருப்பித் தர வேணாம்.” அந்தக் கூட்டத்தில் என்னிடம் நேராகப் பேசியவர் அவர் ஒருவர்தான். அதனால் எழுதுகிறேன்.

அதன் பிறகு காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். வழியில் மருத்துவமனையில் தையல் போட்டார்கள். என்னை அழைத்துப் போன பிறகு அரங்கத்தில் ஓட்டெடுப்பை முடித்துவிட்டார்களாம். என் சீட்டு நிரப்பப்படாமல் என் பையிலேயே இருக்கிறது. தபாலில் வர வேண்டிய ஓட்டுகள் வெள்ளிக்கிழமை மாலை வரை வரலாம். அதுவரை முடிவு அறிவிக்க மாட்டார்கள். சீட்டைக் கொடுத்தவர்களும் அதுவரை மாற்றிக் கொடுக்கலாம் என்று அதன் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கிறது.

மாலை நாலு மணிக்குச் சட்ட மேலாளர் நிலையத்துக்கு வந்தார். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

“தங்கச்சி மாதிரி நினைச்சுச் சொல்றேன். கேஸ் கோர்ட்டுன்னு போனா சின்னக் குழந்தையை வச்சுக்கிட்டு அலைய முடியுமா? அதான் நானே பேசி ஒரு ஏற்பாடு பண்ணிட்டு வந்திருக்கேன்.”

“என்ன ஏற்பாடு?”

“படிச்சுப் பாருங்க. குட்டிம்மாவுக்கு இன்னைக்கு நாலு நிமிஷம் பத்து செகண்ட் வந்திருக்கு போல. பாவம். போன மாசம் ரெண்டு நிமிஷம்தான் இருந்திருக்கு.”

நான் அவரிடம் நிமிடக் கணக்கைச் சொல்லவில்லை. ஆய்வாளரிடமும் அதுவரை சொல்லவில்லை. அது சர்வரில், என் குழந்தையின் பதிவில் மட்டும் இருப்பது. என் குழந்தையின் பதிவைத் திறந்து பார்க்க இவருக்கு யார் அனுமதி கொடுத்தது என்பதையும் விசாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவர் கொடுத்தது கம்பெனித் தாளில் அச்சடித்து, அவரே கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்த கடிதம். மூன்று பத்தி. முதல் பத்தியில், என்மேல் கொடுத்த புகாரைக் கம்பெனி திரும்பப் பெறும். மூன்றாவது பத்தியில், நான் சேவையைப் பற்றிக் கூட்டத்திலோ வெளியிலோ இனி எந்தக் கேள்வியும் எழுப்ப மாட்டேன். இரண்டாவது பத்தியை அப்படியே எழுதுகிறேன்:

‘வரும் ஜூலை மாதம் முப்பத்தோராம் தேதி மாலை ஆறு மணியுடன் அலாரச் சேவை நிறுத்தப்பட்ட பின்னரும், கீழே குறிப்பிட்டுள்ள பட்டை எண்ணுக்கு மட்டும் மூன்று ஆண்டுகளுக்குச் சேவை தொடர்ந்து வழங்கப்படும்.’

கீழே குட்டியின் பட்டை எண் இருந்தது. பதினோரு இலக்கம். ஒரு இலக்கம்கூடத் தப்பில்லை.

நான் உடனே மறுத்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். பேனாவைக் கையில் வாங்கினேன். மூன்று வருடத்தில் குட்டிக்கு ஐந்து வயது தாண்டியிருக்கும். பல குழந்தைகளுக்கு அந்த வயதில் வலிப்பு தானாகவே நின்றுவிடும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் ஒன்றரை வருடத்துக்கு மேலாக நானும் என் கணவரும் முறை வைத்து முழித்திருக்காமல் தூங்குவது அந்தப் பட்டையை நம்பித்தான். ஆய்வாளரிடம் கேட்டு என் கணவருக்குக் கூப்பிட்டேன். கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

“போட்டுட்டு வா,” என்றார்.

“மத்த குழந்தைங்க?”

“ஊர்ல இருக்கற எல்லாக் குழந்தைக்கும் நீதான் அம்மாவா? நம்ம பிள்ளைக்கு இன்னைக்கு என்ன ஆகியிருக்கும்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும். உங்க ஃபோனும்தான் அடிச்சுது, லாக்கருக்குள்ள. என்னை விட உங்களுக்கா தெரியும்?”

அவர், “நான் என்ன பண்ணுவேன், கிரேன்ல ஃபோன் கூடாதுன்னு சொல்லிட்டாங்க” என்றார். அழுதார் என்று நினைக்கிறேன். வீட்டில் இதற்கு நான் தனியாகப் பதில் சொல்லிக்கொள்கிறேன். அது காவல் துறைக்குச் சம்பந்தமில்லாதது.

பேனாவோடு அந்த இரண்டாவது பத்தியைத் திரும்பப் படித்தேன். நான் நான்கு வருடம் அந்தச் சர்வரைச் சோதித்தவள். ஒரு பட்டைக்கென்று தனியாக ஓடுகிற சர்வர் அங்கே கிடையாது. ஒரு குழந்தைக்கு ஓட வேண்டுமானாலும் அதே இயந்திரங்கள் ஓட வேண்டும், அதே ஆட்கள் இரவு பகல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படி ஓடினால் நாலாயிரத்து முந்நூறு குழந்தைகளுக்கும் ஓடும். மற்றவர்களுக்கு வேண்டுமென்றே அடைத்தால்தான் நிற்கும். ஆகவே இந்தக் கடிதத்துக்கு இரண்டு அர்த்தம்தான் இருக்க முடியும். ஒன்று, என் குழந்தைக்கும் நிறுத்திவிட்டு, கேள்வி கேட்க மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்ததை என்னிடமே நீட்டப் போகிறார்கள். இல்லையென்றால், ஓட்ட முடிந்ததை ஓட்டாமல், தெரிந்தே மற்ற குழந்தைகளுக்கு மூடப் போகிறார்கள். இரண்டில் எது என்று சட்ட மேலாளரிடம் கேட்டேன்.

“அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்மா,” என்றார். “உங்களுக்குக் கிடைக்குதா இல்லையா, அதைப் பாருங்க.”

“காலைல தலைவர் திட்டமே இல்லன்னார். குறிப்புல எழுதியிருக்கு. நீங்க தேதி, நேரம் எல்லாம் போட்டுக் கொண்டுவந்திருக்கீங்க.”

அவர் முகம் மாறியது அப்போதுதான். கடிதத்தை வாங்கி இரண்டாவது பத்தியைத் தானே ஒரு தரம் படித்தார். எனக்கு மட்டும் சலுகை என்று காட்ட வேண்டுமானால், மற்றவர்களுக்கு எப்போது நிற்கிறது என்று எழுதாமல் முடியாது. அவசரத்தில் அதை அவர் யோசிக்கவில்லை. எழுதியதை மடித்துப் பைக்குள் வைக்கப் போனார். நான் அதன் முனையைப் பிடித்துக்கொண்டேன்.

“விடுங்கம்மா, அது கம்பெனி பேப்பர்.”

“எனக்குன்னு எழுதி, என் கையில குடுத்தீங்க.”

“கையெழுத்து போடலைன்னா திருப்பித் தரணும்.”

“எங்க எழுதியிருக்கு அப்படி?”

எழுத்தர் மேசையிலிருந்து எழுந்து வந்து, “சார், ஸ்டேஷன்ல குடுத்த பேப்பர் ஸ்டேஷன்லதான் இருக்கும். ரெண்டு பேரும் கையை எடுங்க, கிழிஞ்சுடப் போகுது” என்று சொல்லிவிட்டு, அதை வாங்கித் தேதியும் நேரமும் எழுதி நிலைய முத்திரை குத்தினார். மணி ஐந்து இருபது. சட்ட மேலாளர் யாருக்கோ ஃபோன் செய்துகொண்டே வெளியே போனார். அதன் பிறகு திரும்பி வரவில்லை.

கண்ணாடியை உடைத்ததையும் காவலாளியைத் தள்ளியதையும் தலைவரைத் திட்டியதையும் ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடியின் விலையையும் காவலாளியின் மருத்துவச் செலவையும் கொடுத்துவிடுகிறேன். அந்தக் கடிதம் இந்த வாக்குமூலத்தின் பகுதி. இரண்டுக்கும் முத்திரையிட்ட நகல் எனக்கு இன்றே வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அதைக் காட்ட வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முதலில் காட்டப் போவது கால்குலேட்டருக்கு. அவர் ஓட்டை மாற்றுவாரா என்று எனக்குத் தெரியாது. படித்துப் பார்த்துவிட்டு அதே விலைக்கே போடட்டும். படிக்காமல் போட்டேன் என்று அவர் சொல்ல முடியாது.

இதில் உள்ள ஒவ்வொரு வரியும் நான் பார்த்ததும் செய்ததும் என் காதால் கேட்டதும்தான். யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை, யாருக்கும் பயந்து எதையும் விடவில்லை. எழுதியபின் நானே ஒருமுறை வாசித்துச் சரி என்று கண்டேன். என்னிடம் இன்று கையெழுத்துக் கேட்ட தாள்கள் இரண்டு. நான் கையெழுத்துப் போடுவது இந்தத் தாளில் மட்டும்.

(கையெழுத்து)

இணைப்பு: சட்ட மேலாளர் கொடுத்த கடிதம், ஒரு தாள். என் கையெழுத்து இல்லாதது.